808, 303 குளோன்கள்: எதை வாங்குவது, எது கையால் செய்யக்கூடியது?

கேள்வி இதுதான்: ரோலாண்டின் பழைய டிரம் மெஷினான டிஆர்-808-இன் கிக், பேஸ் சின்த்தான டிபி-303-இன் குரல் இரண்டும் வேண்டும், அசலை வாங்கப் பணமில்லை. பெஹ்ரிங்கர் நிறுவனத்தின் மலிவான குளோன்கள் (நகல்கள்) போதுமா? இல்லை, சாலிடரிங் அயர்னை எடுத்து நாமே செய்துவிடலாமா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நீண்டு முழங்கும் அந்த 808 கிக்தான் வேண்டும் என்றால் பெஹ்ரிங்கரின் 808 நகலான ஆர்டி-8 வாங்குங்கள். விலை குறைவு என்று ஆர்டி-6 வாங்கிவிட்டு, 'கிக் நீளவே இல்லையே' என்று தலையில் கைவைப்பவர்கள் நிறைய. ஆர்டி-6 என்பது 808-இன் நகல் அல்ல, ரோலாண்டின் இன்னொரு டிரம் மெஷினான டிஆர்-606-இன் நகல். 606-இன் கிக் 'டொப்' என்று அடித்து அத்தோடு முடிந்துவிடும். டிகே (ஒலி அடங்க எடுக்கும் நேரம்) குமிழே அதில் கிடையாது, ஏனென்றால் அசலிலும் இல்லை. ஆனால் அதன் ஹை-ஹேட் அருமையானது. 303-க்குப் பக்கத்தில் வைத்தால் 606-தான் பொருந்தும், ரோலாண்ட் அந்த இரண்டையும் ஜோடியாகத்தான் விற்றது. 303-க்கு பெஹ்ரிங்கரின் நகலான டிடி-3 போதும். அதற்கு மேல் செலவழிக்கக் காரணம் ஒன்றிரண்டு உண்டு, கீழே வருகிறது.

விலை இவ்வளவு இறங்கியது எப்படி என்று தெரிந்தால் 'மலிவு, அதனால் மட்டம்' என்ற பயம் போய்விடும். 808 வெளிவந்தது 1980-இல், நிறுத்தியது 1983-இல். 1,195 டாலர் விலையில் சுமார் 12,000 பெட்டிகள் போயின. உள்ளே மர்மம் எதுவும் இல்லை: சாதாரண டிரான்சிஸ்டர்கள், ஆப்-ஆம்ப்கள், ரெசிஸ்டர்கள். ஒரே வினோதம், இரைச்சலுக்காகப் பொறுக்கி எடுத்த டிரான்சிஸ்டர். குறையுள்ள டிரான்சிஸ்டர்களைத்தான் வாங்கினோம், உற்பத்தி தேறியதும் அவை கிடைக்காமல் போயின என்று ரோலாண்டின் நிறுவனர் இக்குதாரோ காகேஹாஷியே பின்னாளில் சொன்னார். சர்வீஸ் மேனுவலில் முழு சர்க்யூட்டும் இருக்கிறது. காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. பெயரும் சின்னமும்தான் இன்னும் ரோலாண்டுடையவை. அதனால்தான் குளோன்களுக்கு ஆர்டி, டிடி என்று பெயர். பெஹ்ரிங்கரின் தாய் நிறுவனத்துக்குச் சொந்தத் தொழிற்சாலை உண்டு, கூல்ஆடியோ என்ற சிப் நிறுவனமும் உண்டு. பழைய கர்ட்டிஸ் 3340 ஆஸிலேட்டர் சிப்புக்கு மாற்றைத் தானே செய்துகொள்ளும் நிறுவனம் சின்த்தை 300 டாலருக்குத் தருவதில் அதிசயமில்லை.

இனி கிக். அதைப் புரிந்துகொண்டால் எந்தக் குளோனையும் எடைபோடலாம், அதனால் கொஞ்சம் விரிவாக.

808 கிக்கில் தனியாக ஆஸிலேட்டர் கிடையாது. பிரிட்ஜ்டு-டி என்ற வலையை ஒரு ஆப்-ஆம்ப்பின் பின்னூட்டத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு மில்லிசெகண்ட் அளவுக்கு ஒரு மின்துடிப்பால் தட்டினால், கோயில் மணி போல அது தானே அதிர்ந்து அடங்குகிறது. அசலில் இரண்டு கெப்பாசிட்டரும் 15 நானோஃபாரட், மேலே போகும் ரெசிஸ்டர் 1 மெகாஓம், தரைக்கு (கிரவுண்ட்) போகும் பாதையில் 47 கிலோஓமும் 6.8 கிலோஓமும் தொடராக. பக்கவாட்டில் இணையும் மற்ற ரெசிஸ்டர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 49.5 ஹெர்ட்ஸ் வரும். தட்டிய முதல் சில மில்லிசெகண்டுகளில் ஒரு டிரான்சிஸ்டர் அந்த 47 கிலோஓமைத் தரையோடு சேர்த்துவிடும், அப்போது 6.8 மட்டுமே மிஞ்சி, சுருதி 130 ஹெர்ட்ஸ் அருகே எகிறி உடனே கீழே விழுகிறது. 'டும்' என்பதில் 'ட்' எழும்புவது அங்கேதான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. இரண்டு கெப்பாசிட்டரும் 10 சதவீதம் கூடினால் 49.5 ஹெர்ட்ஸ் 45-க்கு இறங்கிவிடும். அது ஒன்றரை அரைச்சுரத்துக்கு மேல். அந்தக் காலத்து உதிரிபாகங்களின் விலகல் அப்படித்தான். அதாவது, இரண்டு அசல் 808-களுக்கு இடையிலேயே காதுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்கும். 'என் குளோன் அந்த ரெக்கார்டில் உள்ள மாதிரி இல்லை' என்பவர், எந்த 808-ஐச் சொல்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும். இன்னொன்று: 49.5 ஹெர்ட்ஸை எந்த செல்போன் ஸ்பீக்கரும் தராது. யூடியூப் ஒப்பீட்டை போனில் கேட்டுவிட்டு 'குளோன் கிக் சோப்ளாங்கி' என்று தீர்ப்பு எழுதுபவர்கள் கேட்டது அந்த 'ட்' மட்டுமே. நல்ல ஹெட்ஃபோன் மாட்டுங்கள்.

கையால் செய்து பார்க்க விரும்பினால் முழு 808-இல் ஆரம்பிக்காதீர்கள். கிக்கை மட்டும் பிரெட்போர்டில் போடுங்கள்; ஒரு சாயங்காலம் போதும். தேவை: டிஎல்072 ஐசி ஒன்று, 9 வோல்ட் பேட்டரி இரண்டு, 15 நானோஃபாரட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் இரண்டு, 10 நானோஃபாரட் ஒன்று, 1 மெகாஓம் ஒன்று, 470 கிலோஓம் ஒன்று, 47 கிலோஓம் மூன்று, 100 கிலோஓம் இரண்டு, 10 கிலோஓம் ஒன்று, 1என்4148 டயோடு, 10 கிலோஓம் ட்ரிம்மர், 500 கிலோஓம் பாட், புஷ் பட்டன், வெளியீட்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 10 கிலோஓம் வால்யூம் பாட்டும். சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும் பொருள்தான். '153' என்று அச்சிட்ட 15 நானோ சில கடைகளில் இருக்காது. '103'-ஐயும் '472'-ஐயும் பக்கவாட்டில் (பேரலலாக) சேர்த்தால் 14.7 வரும், அது போதும். மஞ்சள் செராமிக் டிஸ்க்கை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள். அதன் மதிப்பு வெயிலுக்கு ஒன்று, ஏசி அறைக்கு ஒன்று; சுருதி அலையும்.

இரண்டு பேட்டரியையும் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைத் தரையாக வையுங்கள். ஐசியின் 8-ஆம் காலுக்கு பிளஸ், 4-ஆம் காலுக்கு மைனஸ். 15 நானோ இரண்டையும் தொடராக 1-ஆம் காலுக்கும் 2-ஆம் காலுக்கும் நடுவே போடுங்கள். அதே இரண்டு கால்களுக்கு நடுவே 1 மெகாஓம். கெப்பாசிட்டர்கள் சந்திக்கும் நடுப்புள்ளியிலிருந்து 47 கிலோஓம் தரைக்கு. இதுதான் மணி. தட்டும் கோல்: பிளஸ்ஸிலிருந்து பட்டன், பட்டனின் மறுமுனையிலிருந்து 10 கிலோஓம் தரைக்கு, அதே முனையிலிருந்து 10 நானோ. அந்த 10 நானோவின் மறுபக்கத்தில் 100 கிலோஓம் தரைக்கு. அங்கிருந்து டயோடு 3-ஆம் காலை நோக்கி, கோடுள்ள பக்கம் 3-ஆம் காலில். 3-ஆம் காலிலிருந்து இன்னொரு 100 கிலோஓம் தரைக்கு. வெளியீடு 1-ஆம் காலில்.

இந்த நிலையில் அழுத்தினால் 'டுக்' என்று மட்டும்தான் கேட்கும். பயப்பட வேண்டாம், சர்க்யூட் சரியாகவே இருக்கிறது. இந்த மதிப்புகளில் அதிர்வின் க்யூ (அதிர்வு எவ்வளவு நீடிக்கும் என்ற அளவு) 2.3 மட்டுமே, 15 மில்லிசெகண்டில் வீச்சு மூன்றில் ஒரு பங்காகிவிடும். 808-இன் நீளமான முழக்கம் இரண்டாவது ஆப்-ஆம்ப்பிலிருந்து வருகிறது. 5-ஆம் காலைத் தரையில் கட்டுங்கள். 6-க்கும் 7-க்கும் நடுவே 47 கிலோஓம். 1-ஆம் காலிலிருந்து 47 கிலோஓம், ட்ரிம்மர், 500 கிலோஓம் பாட் மூன்றும் தொடராக 6-ஆம் காலுக்கு. 7-ஆம் காலிலிருந்து 470 கிலோஓம் கெப்பாசிட்டர்கள் சந்திக்கும் நடுப்புள்ளிக்கு. பாட்தான் இப்போது டிகே குமிழ். ட்ரிம்மரை முழுமையாக, அதாவது 10 கிலோஓமில் வைத்து, பாட்டை சைபருக்குத் திருப்பினால் சுமார் ஒரு விநாடி முழங்கும். ட்ரிம்மரைக் குறைக்கக் குறைக்க முழக்கம் நீளும். தொடர் மதிப்பு 50 கிலோஓமைத் தொடும் இடத்தில் மணி அடங்கவே அடங்காது, 'ஊம்' என்று நிரந்தரமாகப் பாட ஆரம்பிக்கும். அந்த எல்லைக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்துங்கள்.

சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் டயோடு தலைகீழாக இருக்கும், அல்லது தரையைப் பேட்டரியின் மைனஸில் கட்டியிருப்பீர்கள். ட்ரிம்மரை எங்கே திருப்பினாலும் ஓயாமல் பாடினால், 470 கிலோஓமுக்குப் பதில் 47 போயிருக்கிறதா என்று வண்ணப்பட்டையைப் பாருங்கள். மஞ்சள்-ஊதா-மஞ்சளும் மஞ்சள்-ஊதா-ஆரஞ்சும் இரவு விளக்கில் ஒன்றுபோலவே தெரியும். வெளியீடு 6 வோல்ட் வரை போகும், அதனால் 10 மைக்ரோஃபாரட் வழியாக வால்யூம் பாட்டுக்குக் கொடுத்து, அதைக் கீழே வைத்துவிட்டு மிக்சரில் செருகுங்கள்.

கிக் எளிது. 808-இல் கஷ்டமானது சிம்பல், ஹை-ஹேட், கவ்பெல். ஆறு சதுர அலை ஆஸிலேட்டர்கள், ஒன்றுக்கொன்று சுருதி சேராத அதிர்வெண்களில், ஒரே ஷ்மிட் டிரிகர் சிப்பிலிருந்து ஓடுகின்றன. அதில் இரண்டு, 540-உம் 800-உம், கவ்பெல்லுக்கும் போகின்றன. ஷ்மிட் டிரிகரின் மாறுநிலை வோல்டேஜ் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். அதே எண் போட்ட வேறு கம்பெனி சிப்பை மாட்டினால் ரெசிஸ்டர் மாறாமலேயே அதிர்வெண் நகர்ந்துவிடும். கிட் வாங்கிச் செய்பவர்களின் சிம்பல் 'தகரடப்பா' மாதிரி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முழு 808 கிட் செய்ய எண்ணம் இருந்தால், அனுபவமில்லாமல் தொடாதீர்கள். நூற்றுக்கணக்கான உதிரிபாகங்கள், பெட்டி, குமிழ்கள், சுவிட்சுகள் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆர்டி-8-இன் விலையைத் தாண்டிவிடும். செய்வதில் உள்ள சுகத்துக்காகச் செய்யலாம். மிச்சம் பிடிக்கச் செய்யக் கூடாது.

303-க்கு வருவோம். 1982-இல் மும்பையில் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 808, 303, ஜூபிட்டர்-8 சின்த் மூன்றையும் வைத்து ராகங்களை வாசித்துப் பதிவு செய்தார். சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் நடன இசை கிளம்பியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். 303-ஐ ரோலாண்ட் விற்றது பேஸ் கிட்டாரிஸ்ட் இல்லாதவர்களுக்கு. அந்த வேலையில் அது தோற்றது. ஆனால் ஃபில்டரின் கட்-ஆஃப் குமிழைத் திருப்பிக்கொண்டே வாசிக்கும்போது வரும் வழுக்கலான குரலை வேறு எந்தப் பெட்டியும் தரவில்லை.

அந்தக் குரலுக்குக் காரணம் டயோடு லேடர் ஃபில்டர். மூக் சின்த்களின் லேடரில் ஒவ்வொரு படியும் ஓரளவு தனித்தனி. டயோடு லேடரில் ஒவ்வொரு படியும் அடுத்ததை இழுக்கும். நாலு கெப்பாசிட்டரில் மூன்று 33 நானோஃபாரட், ஒன்று மட்டும் 18. டிடி-3 இந்த வரைபடத்தையே பின்பற்றுகிறது, அதனால் ஃபில்டரில் குறை சொல்ல எதுவுமில்லை.

வாங்கியதும் சோதிக்க வேண்டியது ஆக்சென்ட், அதாவது குறிப்பிட்ட சுரத்துக்குத் தரும் அழுத்தம். அசலில் ஆக்சென்ட் என்பது சத்தத்தைக் கூட்டுவது மட்டுமல்ல. ஆக்சென்ட் விழுந்த சுரத்துக்கு ஃபில்டரின் டிகே தானாகவே மிகக் குறுகிவிடும், குமிழ் எங்கே இருந்தாலும் சரி. கூடவே ஒரு கெப்பாசிட்டரில் மின்னூட்டம் சேரும். அது முழுக்க வடிவதற்குள் அடுத்த ஆக்சென்ட் வந்தால், மேலும் உயரும். எனவே ரெசொனன்ஸை முக்கால் அளவுக்கு ஏற்றி, தொடர்ச்சியாக மூன்று ஸ்டெப்புக்கு ஆக்சென்ட் போடுங்கள். ஒவ்வொரு அடியிலும் 'வாவ்' என்ற வாய் முன்னதைவிட அகலமாகத் திறக்க வேண்டும். மூன்றும் ஒரே அளவில் திறந்தால் அது சாஃப்ட்வேர் போலி, அல்லது ஆக்சென்ட் பாதையில் கோளாறு.

ஒலியைவிட 303-இல் ஆட்களைக் குழப்புவது அதன் சீக்வென்சர், அதாவது சுரங்களைப் பதிந்து தானாக ஓடவைக்கும் பகுதி. சுருதியையும் நேரத்தையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். முதலில் பிட்ச் மோடில் சுரங்களை வரிசையாக அழுத்துகிறீர்கள். பிறகு டைம் மோடில் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் சுரம், நீட்டல், மௌனம் மூன்றில் ஒன்று. மௌனமும் நீட்டலும் சுரத்தைத் தின்னாது. 16 ஸ்டெப்பில் மூன்று மௌனமும் ஒரு நீட்டலும் இருந்தால் 12 சுரம்தான் கொடுக்க வேண்டும். 16 சுரம் கொடுத்தால் கடைசி நாலு ஒலிக்கவே ஒலிக்காது. 'மெஷின் சுரத்தை முழுங்குகிறது' என்ற புகார் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஸ்லைடு இன்னொரு பொறி: சறுக்கல் எந்தச் சுரத்திலிருந்து தொடங்க வேண்டுமோ அதில்தான் போட வேண்டும், போய்ச் சேரும் சுரத்தில் அல்ல.

டிடி-3-ஐத் தாண்டி யார் செலவழிக்கலாம்? டெவில் ஃபிஷ் என்ற, 303-க்குள் செய்யும் மாற்றங்கள் வேண்டும் என்பவர்கள் டிடி-3-எம்ஓ பார்க்கலாம். 2005 வாக்கில் வந்த எக்ஸ்ஆக்ஸ்பாக்ஸ் கிட், பழைய உதிரிபாகங்களையே தேடிப் பிடித்துச் செய்யும் வகை. அசல் 303-இல் உள்ள பிஏ662 சிப் வேட்டையிலேயே மாதங்கள் போய்விடும். மேடையில் மட்டும் வாசிப்பவருக்கு ரோலாண்டின் சொந்த டி-8 போதும். டிஜிட்டல்தான், ஆனால் டிரம்மும் 303 பேஸும் ஒரு கையடக்கப் பெட்டியில் ஒன்றாக வருகின்றன. கோர்க் நிறுவனத்தின் சின்ன டிரம் மெஷினான வோல்கா பீட்ஸ் பற்றியும் கேட்பார்கள்: கிக், டாம், ஹேட் அனலாக், கைத்தட்டலும் கிராஷும் சாம்பிள். அதன் ஸ்னேர் பலவீனம், எல்லோரும் அறிந்தது.

இரண்டு பெட்டியைக் கோக்கும்போது வரும் தகராறுகளில் பாதி கேபிள், மீதி செட்டிங். வோல்கா ஒரு பீட்டுக்கு (நாலு ஸ்டெப்) இரண்டு துடிப்பு அனுப்பும். டிடி-3-ஐ ஸ்டெப்புக்கு ஒரு துடிப்பு என்று வைத்திருந்தால் அது பீட்டுக்கு நாலை எதிர்பார்க்கும், அதனால் சரியாகப் பாதி வேகத்தில் ஓடும். 24 என்று வைத்திருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு வேகம். நின்றுவிட்டது என்றே நினைப்பீர்கள். பெஹ்ரிங்கரின் சின்த்டிரைப் ஆப்பில் போய் மாற்றுங்கள், ஃபர்ம்வேரையும் அங்கேயே புதுப்பியுங்கள். பழைய ரோலாண்டின் டின் சிங்க் சாக்கெட் (பெட்டிகளை ஒரே தாளத்தில் ஓட்டும் இணைப்பு) பார்க்க மிடி போலவே இருக்கும், ஆனால் மிடி அல்ல: 1-ஆம் காலில் ஸ்டார்ட், 2-இல் தரை, 3-இல் கிளாக். மலிவான மிடி கேபிளில் 2, 4, 5 மட்டுமே இணைத்திருப்பார்கள். அதை மாட்டினால் ஒன்றும் நடக்காது. ஐந்து காலும் இணைத்த கேபிள் கேட்டு வாங்குங்கள்.

இரைச்சல் விஷயத்தில் நம் ஊரில் தனிக் கவனம் தேவை. லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பி, ஆடியோ இரண்டும் ஒரே பெட்டிக்குப் போனால் எர்த் வளையம் உருவாகி, மவுஸை நகர்த்தும்போதெல்லாம் 'சிர்ர்' என்று கேட்கும். யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு ஐந்து கால் மிடியில் கொடுங்கள். மிடி உள்ளீட்டில் ஆப்டோகப்ளர் இருப்பதால் அங்கே மின்தொடர்பு இல்லை, சத்தம் நின்றுவிடும். எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகுவது தீர்வல்ல, ஷாக் வாங்கும் வழி. நம் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ், கிக் 49.5. மெயின்ஸ் ஹம் இருந்தால் நீளமான கிக்கோடு உரசி மெதுவாக ஏறி இறங்கும்; ஹம்மைத் தீர்க்காமல் 'கிக் சீராக இல்லை' என்று பெட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள். அடாப்டர் தொலைந்து வேறு வாங்கினால், பெட்டியின் பின்புறம் உள்ள வோல்டேஜும் முனைக் குறியும் பார்த்து வாங்குங்கள். கிட்டார் பெடல் அடாப்டர் நுழைகிறது என்பதற்காக அது பொருந்தும் என்று அர்த்தமில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் ஹெட்ஃபோனைக் கையோடு கொண்டுபோங்கள். ஆன் செய்து 15 நிமிடம் சும்மா விடுங்கள். அனலாக் ஆஸிலேட்டர் சூடாகி நிலைபெற அவ்வளவு நேரம் ஆகும், அதற்கு முன் சுருதி பார்த்துப் பயனில்லை. பிறகு டிடி-3-இல் ஒரு தாழ்ந்த சுரத்தையும் இரண்டு ஸ்தாயி மேலே அதே சுரத்தையும் மாறி மாறி ஓடவிட்டு போனில் உள்ள ட்யூனரில் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு விலகியிருந்தால் டியூனிங் குமிழால் சரியாகிவிடும். மேலே உள்ளது மட்டும் விலகினால் உள்ளே ஸ்கேல் ட்ரிம்மரைத் திருத்த வேண்டும். ஒரு மில்லிவோல்ட் பிசகு 1.2 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), அதனால் கால் சுற்றுகூட அதிகம். ஆர்டி-8, ஆர்டி-6 என்றால் கடைசியாக 16 ஸ்டெப் பட்டனையும் ஒவ்வொன்றாகப் பத்துப் பத்து தடவை அழுத்துங்கள். ஒரு அழுத்துக்கு விளக்கு எரிந்து உடனே அணைந்தால் சுவிட்ச் தேய்ந்து இரட்டையாகப் பதிகிறது. அந்தச் சுவிட்சை மாற்றும் கூலியை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள்.